நீலப் புத்தகத்தில் ஒன்பது வரி

அலமாரியைக் காலி செய்தால்தான் அதை நகர்த்த முடியும். நகர்த்தினால்தான் அப்பாவைப் படுக்கவைக்கக் கூடத்தில் இடம் கிடைக்கும். அதனால் அவள் புத்தகங்களை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். அள்ளியதில் பாதிக்கு மேல் ஒரே புத்தகம். நீல அட்டை, நாற்பத்து மூன்று பிரதிகள். அப்பா தன்னைப் பற்றித் தானே எழுதியது. வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் உட்பட, கையெழுத்துப் போட்டு ஒன்று கொடுத்தனுப்புவார். இனிமேல் கொடுத்தாலும் கையெழுத்து இருக்காது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

பதினொன்று இருபதுக்கு மருத்துவமனையில் அப்பாவின் மூச்சு நின்றது. அவளுடைய கணவர் காகித வேலைகளுக்காக அங்கேயே தங்கிவிட்டு, "நீ போய் அத்தைகிட்டச் சொல்லு. போன்ல சொல்ற விஷயமா இது?" என்று அவளை அனுப்பிவைத்தார். அவளும் வந்து சொன்னாள். அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "பதினொண்ணு இருபதா?" என்று கேட்டு அடுப்பை அணைத்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பால் இன்னும் பொங்கவில்லை என்று மறுபடி பற்றவைத்தாள். இரண்டு பேரும் அழவில்லை. அழாததற்கு அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அவள் பல் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு நோயாளிகள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்; கன்னம் இருக்கிறது, ஆனால் அவர்களுடையதாக இல்லை. காலையிலிருந்து அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. கை வேலை செய்தது, கால் நடந்தது. யாரோ செய்கிறார்கள், யாரோ நடக்கிறார்கள்.

அப்பா விளம்பரக்காரர். ஏதோ நாலு வரி எழுதிப் பிழைத்தவர் இல்லை. ஜனங்கள் எந்தச் சோப்பால் குளிப்பது, எந்தப் பசையால் பல் துலக்குவது என்பதையெல்லாம் நாற்பது வருடம் உட்கார்ந்த இடத்திலிருந்து முடிவு செய்தவர். மகள் தொண்டை வறளச் சொல்லிப் பற்பசையை மாற்றியவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். அப்பா ஒரு வரி எழுதினால் ஊரே மாற்றிவிடும்.

அவரைப் பற்றி மூன்று புத்தகங்கள் உண்டு. நீலப் புத்தகம் அவருடையது. அதாவது அவர் சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் விளம்பர வரி எழுதும் கமா உட்கார்ந்து எழுதியது. மூச்சுக்கு மூச்சு கமா போடுகிறவர் என்று அப்பா வைத்த பெயர் அது. இப்போது அவருடைய மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். சிவப்புப் புத்தகம், கம்பெனியை ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருந்த பார்ட்னர் சண்டை போட்டுப் பிரிந்த கையோடு எழுதியது. மூன்றாவது ஒரு பேராசிரியரின் தடிப் புத்தகம். தலைக்கு வைத்துப் படுக்கலாம்; அடிக்குறிப்பு மட்டும் அறுபது பக்கம். அவள் எழுந்திருக்கும் முன்னால் கிளம்பி, தூங்கிய பிறகு வீடு திரும்பிய மனிதரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி இந்த மூன்றிலிருந்து தெரிந்ததுதான்.

நீலப் புத்தகம் முந்நூற்று இருபது பக்கம். அதில் அவளுக்கு ஒன்பது வரி. ஒரு கொசுவர்த்திக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. அவள் கல்யாணம் இல்லை, அவள் டாக்டரானது இல்லை. அந்த ஒன்பது வரி மட்டும் இருக்கிறது. மகளுக்கு நான்கு வயது. மழை. பள்ளி வாசலில் அப்பாவுக்காகக் காத்திருக்கிறாள். அப்பா குடையோடு வந்து, "நனையறியே கண்ணு" என்கிறார். மகள் சிரித்துக்கொண்டே, "மழை நனையட்டும்" என்கிறாள். அந்த இரண்டு சொல்லை அப்பா ஒரு குடைக் கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனி எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. அப்பாவும்தான்.

அன்றிலிருந்து அவள் குடைப் பாப்பா. நாற்பத்தாறு வயதிலும் விடவில்லை. வாயிலிருந்து பஞ்சை எடுத்ததும் வலி இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லாமல், "நீங்கதானே டாக்டர் அந்தக் குடைப் பாப்பா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளும் தலையாட்டுவாள்.

ஆனால் அவளுக்கு அப்படி ஒன்று நினைவில்லை. பள்ளி வாசல் நினைவில்லை, மழை நினைவில்லை, சிரித்தது நினைவில்லை. ஒரு தடவை அப்பாவிடமே கேட்டாள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "புத்தகத்துலதான் இருக்கே, படிக்கலையா?" என்றார். சிவப்புப் புத்தகமோ அந்த வரி பார்ட்னருடையது என்கிறது. குழந்தை சொன்னதாகச் சொன்னால் எந்த வாடிக்கையாளரும் மறுத்துப் பேசமாட்டார் என்று அப்பா கட்டிய கதையாம் அது. பேராசிரியர் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க அவளுக்குப் போன் செய்தார். "உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். "நன்றாக நினைவிருக்கிறது" என்றாள். அவள் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே அச்சில் ஏறியது அது ஒன்றுதான். தடிப் புத்தகத்தில் நூற்றுப் பதினான்காவது அடிக்குறிப்பு. அதைப் படித்த எல்லோரும் விஷயம் முடிந்தது என்று போய்விட்டார்கள். அவளுக்கு மட்டும் முடியவில்லை.

அது பொய்யென்றால் அப்பாவின் எழுபத்தெட்டு வருடத்தில் அவளுக்கு இடமே இல்லை. அவள் வாயிலிருந்து வந்த ஏதோ ஒன்றை அவர் ஒரு நாளாவது காதில் வாங்கினார் என்பதற்கு அந்த ஒன்பது வரியை விட்டால் வேறு சாட்சி கிடையாது. இந்த வாரம் கேட்டே தீர்வது என்று இருந்தாள். அவர் தொண்டையில் குழாய் இருந்தது. கண்ணை மூடித் திறந்து ஆமாம், இல்லை என்றாவது சொல்லுவார் என்று இன்று காலை கிட்டே போய்க் குனிந்தாள். நர்ஸ் வந்து, "கொஞ்சம் நகருங்கம்மா" என்றார். நகர்ந்தாள்.

கடைசித் தட்டில், நீலத்துக்கு நடுவே, ஒரே ஒரு சிவப்பு இருந்தது. இந்த வீட்டில் அது இருப்பதே அவளுக்குத் தெரியாது. எடுத்துப் பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் அப்பாவின் பென்சில். அச்சுப் பிழைக்கு ஒரு குறி, சொல்லை நீக்க ஒரு சுழி, வாக்கியத்தை மாற்றிப்போட ஒரு வளைவு. அவர் எதைப் படித்தாலும் திருத்தாமல் விடமாட்டார். விடுதியிலிருந்து அவள் எழுதிய கடிதங்களே திருத்தப்பட்டுத் திரும்பி வந்திருக்கின்றன. இங்கே பிழைகளோடு ஓரங்களில் "பொய்" என்றும் எழுதியிருந்தார். ஓரிடத்தில் "பச்சைப் பொய்", இன்னோரிடத்தில் "இவன் அன்று ஊரிலேயே இல்லை."

குடைக் கதை எண்பத்தெட்டாம் பக்கம். அவளுக்கு மனப்பாடம். திருப்பினாள்.

ஓரம் சுத்தமாக இருந்தது. ஒரு குறி இல்லை. எண்பத்தேழில் மூன்று பொய், எண்பத்தொன்பதில் இரண்டு. நடுவில் "அந்த வரி என்னுடையது" என்று பார்ட்னர் அடித்துச் சொல்லும் பக்கத்தில் மட்டும் அப்பாவின் பென்சில் படவே இல்லை. மறுக்க முடியாததை மறுக்கவில்லை. அவள் புத்தகத்தை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். புத்தகம் கையில் கனத்தது. மரத்துப்போன உடம்பில் காலையிலிருந்து அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மேல்வீட்டுக்காரரும் கமாவும் சேர்ந்து அலமாரியை நகர்த்தினார்கள். கமா அதற்காக வரவில்லை. கையில் உறை இருந்தது. அலுவலகம் நாளைக் காலைப் பத்திரிகையில் போடும் அரைப் பக்க அஞ்சலி. மேல்வீட்டுக்காரர் போன பிறகு அதை எடுத்து மேசையில், நீலப் புத்தகங்களின் மேலேயே விரித்தார். அழுதழுது அவருக்கு மூக்கு அடைத்திருந்தது.

"டாக்டர், நாலு மணிக்குள்ள பக்கம் அச்சுக்குப் போயிடும். வீட்டுக்காரங்க கையெழுத்து இல்லாம எதையும் அனுப்பக் கூடாது. அவர் போட்ட விதி. அவர் விஷயத்துலயே மீறினா நல்லாவா இருக்கும்?"

படித்தாள். அப்பாவின் புகைப்படம். கீழே: 'நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மழை நாளில், பள்ளி வாசலில் காத்திருந்த நான்கு வயது மகள், சிரித்துக்கொண்டே சொன்னாள், மழை நனையட்டும் என்று. அந்த இரண்டு சொற்களைக் கேட்ட காது, இன்று ஓய்ந்தது.' கமாவின் கமாக்கள் எல்லாம் வரிசையாக இருந்தன.

"இந்தக் கதையை அப்பா உங்ககிட்ட எப்படிச் சொன்னார்?"

"எந்தக் கதை?"

"குடைக் கதை. நீலப் புத்தகம் எழுதறப்ப."

கமா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவர் சொல்லலையே. மத்ததெல்லாம் மணிக்கணக்கா சொன்னார். நான் டேப்பை மாத்திப் போட முடியாம திண்டாடுவேன். இந்த இடம் வந்ததும், ஊருக்கே தெரிஞ்ச கதைதானே, நீயே எழுதிக்கோன்னுட்டார்."

"அப்புறம் படிச்சுப் பார்த்தாரா?"

"பார்த்தார். அதுல மட்டும் திருத்தமே இல்ல. எனக்கு அன்னைக்குக் கால் தரையில படலை."

அங்கேயும் பென்சில் படவில்லை. அவள் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள். கையெழுத்து என்பது இரண்டு விநாடி வேலை. பேராசிரியரிடம் ஒரு தடவை சொன்னது, இன்னொரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடப்போகிறது? செத்தவரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"கொஞ்சம் இருங்க. அம்மாகிட்டக் காட்டிட்டு வர்றேன்."

அம்மா அந்தக் காலத்தில் டெலிபோன் ஆபரேட்டர். படுக்கையறையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவுக்குச் சட்டை தேடிக்கொண்டிருந்தாள். அஞ்சலியைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல என்ன?"

"நான் நிஜமாவே இதைச் சொன்னேனாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அன்னைக்கு சாயங்கால டியூட்டி. அவர்தான் சொன்னார், நீ சொன்னியாம்." அம்மா ஒரு சட்டையை உதறிப் பார்த்தாள். "இது இப்போ அவருக்குத் தொளதொளன்னு இருக்கும் இல்ல? ரொம்ப இளைச்சுட்டார்."

வாசலில் மணி அடித்தது. அம்மாதான் போய்த் திறந்தாள். வெளியே பார்ட்னர் நின்றார். கைத்தடி, முழுக்கைச் சட்டை, ஒரு பக்கம் மட்டும் பொத்தான் போட்ட மணிக்கட்டு. இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் அவருக்குப் பெயரே இல்லை. "அந்த ஆள்" என்றுதான் அப்பா சொல்லுவார். அதற்கு முன்னால் அவளுக்கு அவர் மாமா.

"வாங்கண்ணே" என்றாள் அம்மா, நேற்றுத்தான் வந்து போனவரைச் சொல்வது போல. "உட்காருங்க. இன்னும் கொண்டு வரலை. டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேம்மா" என்றார் பார்ட்னர். ஏன் வந்தேன் என்று அவர் ஏதோ தயார் செய்துகொண்டு வந்திருப்பார் போலிருந்தது. அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது.

கமாவைப் பார்த்துத் தலையசைத்தார். மேசையைப் பார்த்தார். "இவ்வளவு மிச்சமா?"

"நாற்பத்து மூணு மாமா."

"பரவாயில்ல. என்கிட்ட என்னோடது எண்பது கெடக்கு. பரண்ல எலி மட்டும்தான் படிக்குது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அப்போது அவள் தனியாக எடுத்து வைத்திருந்த சிவப்பைக் கண்டுவிட்டார். "அது... இங்க இருக்கா? படிச்சானா?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் மடியில் வைத்து, விரலை எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பொய்க்கும் உதடு அசைந்தது. ஓரிடத்தில், "ஆமா, அன்னைக்கு நான் ஊர்ல இல்லதான்" என்று ஒத்துக்கொண்டார். எண்பத்தெட்டுக்கு வந்ததும் நின்றார். ஓரத்தைப் பார்த்தார். மறுபக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அதே பக்கத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கண்ணோடும் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் எழுதலையே."

"இல்ல மாமா. அப்போ வரி உங்களோடதுதானா?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அம்மா டீயோடு வந்தாள். கமாவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. கடைசிக் கோப்பையோடு சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் உங்களைச் சண்டைக்குக் கூப்பிடலை" என்றாள் அவள். "எனக்குத் தெரியணும். இதுல நான் கையெழுத்துப் போடணும். நீங்க எழுதினதுதான்னா அதைச் சொல்லிடுங்க. அழமாட்டேன்."

"என்னோடது இல்ல" என்றார் பார்ட்னர். "நீ சொன்னதுதான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து, அதையே எடுத்துக் கொடுக்கத் தெரிந்த இனம் இது. இதே வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் தன் பெயரில் எழுதி அச்சடித்துக்கொண்ட வரியை எந்த விளம்பரக்காரனும் சும்மா திருப்பிக் கொடுப்பதில்லை. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அன்னைக்கு அந்தக் குடைக் கம்பெனியிலதான் மீட்டிங். நாலு வரி காட்டினோம், நாலும் பிடிக்கலைன்னுட்டாங்க. ரெண்டு மணிக்கு உன்னைக் கூட்டிட்டு வரணும்னு அவன் காலையிலேயே சொல்லிட்டு இருந்தான். ரெண்டு ஆச்சு, மூணு ஆச்சு. பேச்சு முடியலை. நாங்க மறந்துட்டோம். ரெண்டு பேருமே. என் வண்டியிலதான் கிளம்பினோம். கிளம்பிப் பாதி தூரம் வந்தப்புறம்தான் ஐயையோன்னான். அஞ்சரை மணி."

"மூணரை மணி நேரமா?" என்றாள் அம்மா.

"ஸ்கூல் கேட்டை எப்பவோ பூட்டிட்டுப் போயிட்டாங்க. வெளிய ஒரு தந்திக் கம்பம். அதை ஒட்டி நின்னுட்டு இருந்தே. கொட்டுற மழை. தூறலெல்லாம் இல்ல, கொட்டுற மழை. எதிர்ல ஒரு கடை இருந்துது, அங்கயாவது போய் ஒதுங்கியிருக்கலாம். அந்த இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு அவன் காலையில சொல்லியிருக்கான், நீ நகரலை. அவன் இறங்கி ஓடிக் குடையைப் பிடிச்சான். நீ குடையை விட்டு ஒரு அடி தள்ளி நின்னுட்டே. அவன் பக்கத்துல வந்தான், இன்னும் ஒரு அடி தள்ளினே. நனையறியே கண்ணுன்னான். அழலை நீ. அவனைப் பார்க்கக்கூட இல்ல. மழை நனையட்டும்னே."

கமா கையிலிருந்த டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"அப்புறம் தூக்கிட்டு வந்து பின்சீட்ல போட்டான். முன்னாடி வந்து உட்கார்ந்தான். நான் வண்டியை எடுத்தேன். ரெண்டு தெரு தாண்டியிருக்கும், சிகரெட் பெட்டியைப் பிரிச்சு அதுல எதையோ எழுதினான். என்னன்னு பார்த்தேன். பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. நாலு வாரமாத் தேடின வரி. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கண்ணாடியில நீ தெரிஞ்சே. முடியிலேருந்து சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தே. வண்டியில என் துண்டு இருந்துது. ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கும் உன் தலையைத் துவட்டணும்னு தோணலை."

அவர் எண்பத்தெட்டாம் பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டார். "நடந்ததை எழுத எனக்கு வாய் வரலை. நானும் இருந்தேனே. அதான் என்னுதுன்னு எழுதினேன். அதுக்கு அவன் கோர்ட்டுக்குப் போவான்னு நினைச்சேன். போகலை. பொய்யின்னு ஒரு வார்த்தை எழுதியிருப்பான்னு நினைச்சேன், அதுவும் இல்ல. விட்டுட்டான்."

அவளுக்கு எதுவும் நினைவு வரவில்லை. கம்பம் வரவில்லை, பின்சீட் வரவில்லை. கேட்டது முழுவதும் வேறு யாரோ ஒரு குழந்தையைப் பற்றி. அந்தக் குழந்தைக்காகப் பாவமாக இருந்தது. அப்பா காதில் வாங்கத்தான் செய்தார். இத்தனை வருடம் அவள் வேண்டிக்கொண்டது அதுதானே? கிடைத்துவிட்டது. கையில் டீ ஆறிப்போயிருந்தது.

அம்மாதான் பேசினாள்.

"என்கிட்ட, வர்ற வழியில பாப்பா நனைஞ்சுட்டான்னு மட்டும்தான் சொன்னார். அன்னிக்கு ராத்திரியே காய்ச்சல். ஒன்பது நாள். நாலாம் நாள் ஜன்னி கண்டு, பாப்பா பிழைக்குமான்னே இருந்துது. எனக்கு லீவு கிடைக்கலை. அவர் போட்டார். ஒன்பது நாளும் ஆபீஸ் பக்கமே போகலை. கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், குளிக்கப் போறதுக்குத்தான் எழுந்திருப்பார். என்ன வந்துது இந்த மனுஷனுக்குன்னு எனக்கு ஆச்சரியம். கேட்டா பதில் இல்ல." கோப்பையின் அடியில் இருந்த சர்க்கரையை விரலால் வழித்தாள். "ஏன்னு இப்பத்தான் தெரியுது."

"அந்த ஒன்பது நாளும் குடை வேலையை நான்தான் பார்த்தேன்" என்றார் பார்ட்னர். "அவன் எங்கேன்னு கேட்டாங்க. வெளியூர்ல சந்தை நிலவரம் பார்க்கப் போயிருக்கார்னு அளந்துவிட்டேன்."

தடிப் புத்தகத்தில் அதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. அறையை விட்டு வெளியேறி, ஊர் ஊராகச் சுற்றி, சாதாரண மனிதர்களின் பேச்சைக் கேட்ட அந்த ஒன்பது நாட்களே அவருடைய பிற்கால வெற்றிக்கு அடிப்படை என்று பேராசிரியர் நிறுவியிருப்பார். ஒரு வரைபடமும் போட்டிருப்பார். அவள் அந்த வரைபடத்தை நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வருவது போலிருந்து, வரவில்லை. அப்பா ஊரெல்லாம் சுற்றாமல் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். எப்படி உட்கார்ந்திருப்பார்? கையில் பேப்பர் இருந்திருக்குமா? அவளிடம் ஏதாவது பேசியிருப்பாரா? அதுவும் அவளுக்கு நினைவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

போன் அடித்தது. கணவர். "எல்லாம் முடிஞ்சுது. வண்டி வந்தாச்சு. அஞ்சு மணிக்கு அங்க இருப்போம். கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லு. அத்தை எப்படி இருக்காங்க?"

"டீ குடிக்கிறாங்க."

"நீ?"

"நானும்தான்."

போனை வைத்தாள். கமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததற்கு அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மணி மூன்று நாற்பது.

"டாக்டர், வேணாம்னா அந்தப் பத்தியையே எடுத்துடலாம். படத்தைப் பெரிசாக்கிட்டாப் போதும்."

"வேணாம். இருக்கட்டும்."

அஞ்சலியை இழுத்துத் தன் பக்கம் திருப்பி, முதலிலிருந்து மறுபடி படித்தாள். பள்ளி வாசல், சரி. காத்திருந்தது, சரி. நான்கு வயது, சரி. சொன்னதும் சரி. பேனாவால் ஒரே ஒரு சொல்லின் மேல் கோடு போட்டாள். ஓரத்தில், அப்பா போடுவது போலவே, வால் நீண்ட ஒரு சுழி. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டாள்.

கமா குனிந்து பார்த்தார். வெட்டுப்பட்டிருந்தது 'சிரித்துக்கொண்டே.'

"அது..." என்றார். "அது நான் போட்டதுதான் டாக்டர். குழந்தைன்னா சிரிக்குமேன்னு..."

"தெரியும். உங்க மேல தப்பில்ல."

"வரியில இடம் விழுமே. வேற என்ன வார்த்தை போடறது?"

"ஒண்ணும் வேணாம்."

கமா காகிதத்தை உறையில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவருக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடியே அழுதுவிட்டுப் போனார். பார்ட்னர் கிளம்பவில்லை. அவரும் அம்மாவும் ஜமுக்காளத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்துக் கூடத்தில் விரித்தார்கள். "இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் இழுங்கண்ணே" என்று அம்மா சொன்னது அவளுக்குக் கேட்டது. அவள் நீலப் புத்தகங்களைப் பத்துப் பத்தாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சிவப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதையும் அங்கேயே தள்ளினாள்.

பிறகு கீழே இறங்கிப் போனாள். கேட்டின் ஒரு கதவைத்தான் எப்போதும் திறப்பார்கள். மற்றதன் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. செருப்பால் இரண்டு தட்டுத் தட்டினாள், எழும்பியது. இரண்டு கதவையும் அகலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்து நின்றாள். மேலே போய் உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை. எதிர்வீட்டு அம்மாள், "உள்ள வந்து உட்காரேன்மா, எவ்வளவு நேரம் நிப்பே?" என்றாள்.

"இல்லைங்க. இப்போ வந்துடுவார்."

ஐந்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போதே வண்டி தெருமுனையில் திரும்பியது.